காத்திருப்பில் ஒரு அழைப்பு

அவசர உதவி மையம் இருந்த கட்டடம் ஒரு காலத்தில் தபால் மூட்டைகளை அடுக்கி வைக்கும் கிடங்காக இருந்ததாம். உயரமான சுவர்கள், ஆள் தலை நுழையாத ஜன்னல்கள், மழைநீர் இறங்கி இறங்கிக் கறுத்துப்போன முகப்பு. டாக்டரம்மா அங்கே போய் இறங்கியது ஒரு குளிர்கால மத்தியானம். வெயில் அடித்துக்கொண்டிருந்தது, பேருக்கு. சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படியேறினாள்.

அவள் மருத்துவர் இல்லை. திடீரென நின்று விழுந்துபோன கணினி ஏன் விழுந்தது என்று அறுத்துப் பார்த்துச் சொல்வது அவள் வேலை. அலுவலகத்தில் யாரோ கேலியாக 'பிரேதப் பரிசோதனை டாக்டர்' என்று கூப்பிடப் போய், அது தேய்ந்து தேய்ந்து டாக்டரம்மாவில் வந்து நின்றுவிட்டது. வெளியூர் வேலைக்குப் போனால் அவள் கணவர்கூடப் போனில், "இன்னிக்கு எத்தனை பொணம்?" என்றுதான் ஆரம்பிப்பார்.

மையத்தின் பொறுப்பாளர் படிக்கட்டிலேயே எதிர்கொண்டார். வழுக்கைத் தலையில் கம்பளித் தொப்பி, தூங்காத கண்கள்.

"வாங்க மேடம். நேத்தும் விழுந்துடுச்சு. மெஷினை மாத்தியாச்சு, சாஃப்ட்வேரை மாத்தியாச்சு, கரண்ட் லைனையும் மாத்தியாச்சு. இனிமே மாத்தறதுக்கு நான் ஒருத்தன்தான் பாக்கி."

"அதையும் கடைசில பார்த்துக்கலாம் சார்," என்றாள்.

அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "ஒரு மெஷின் விழுந்து இன்னொண்ணு எழுந்திருக்கறதுக்குள்ள வர்ற போன் எல்லாம் அந்தரத்துல நிக்குது மேடம். இங்க வர்றது சொந்தக்காரங்க நலம் விசாரிக்கிற போன் இல்ல. உயிர் போற போன்."

அங்கே நேர்ந்திருந்தது இதுதான். ஆம்புலன்சுக்கும் தீயணைப்புக்கும் வருகிற அழைப்புகளை வரிசையில் நிறுத்தி, ஊழியர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது ஒரு கணினி. ஆனால் அது தனிக் கணினி இல்லை. ஒரே பெரிய இயந்திரத்துக்குள் பல கணினிகள் வாடகைக் குடித்தனம் போலத் தனித்தனியாக ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் வீடு முழுவதும் தனதென்று நினைத்துக்கொண்டிருக்கும். அவற்றுக்கெல்லாம் அடியில் இருந்துகொண்டு இடத்தையும் நேரத்தையும் பங்கிட்டுக் கொடுக்கும் வீட்டுக்காரருக்குப் பெயர் ஹைப்பர்வைசர். குடித்தனக்காரர் ஒருவர் விழுந்தால் அந்த வீடு மட்டும் இருளும். வீட்டுக்காரரே விழுந்தால் மொத்தக் கட்டடமும் இருளும். இங்கே விழுந்துகொண்டிருந்தது வீட்டுக்காரர்.

விழும்போது அது கடைசியாக ஒரு காரியம் செய்யும். அந்தக் கணத்தில் தன் நினைவில் இருந்ததையெல்லாம் ஒன்று விடாமல் ஒரு கோப்பில் கொட்டிவிட்டு அணையும். கிராஷ் டம்ப் என்பார்கள். உயிர் பிரியும் நொடியில் ஒருவர் மனதில் என்னென்ன இருந்ததோ அத்தனையும் அப்படியே கிடைத்தால் எப்படி இருக்கும், அப்படி. டாக்டரம்மா படிப்பது அதைத்தான்.

அழைப்புகள் வரும் கூடத்தில் தலையில் ஒலிவாங்கி மாட்டிய பெண்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மூத்தவரை எல்லாரும் அக்கா என்றார்கள், பொறுப்பாளர் உட்பட. நரைத்த கொண்டை, சிவப்பு ஸ்வெட்டர், வாயில் எப்போதும் ஒரு இருமல் மிட்டாய்.

"குளிர் அதிகமா இருக்கற நாள்லதான் விழும். அதுவும் மத்தியானம்தான்," என்றார் அக்கா. "விழப்போகுதுன்னா எனக்கு முன்னாடியே தெரிஞ்சிடும்."

"எப்படிக்கா?"

அக்கா பொறுப்பாளரைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"கேஸ் வாசனை வரும்."

"ஆரம்பிச்சிட்டீங்களா?" என்றார் பொறுப்பாளர். "மேடம், இந்தக் கட்டடத்துல கேஸ் இணைப்பே கிடையாது. டீ போடறதே கரண்ட் அடுப்புலதான்."

டாக்டரம்மா இரண்டையும் குறித்துக்கொண்டாள். பேய் பிடித்த கணினி என்று சொல்லி அவளை எத்தனையோ இடத்துக்கு அழைத்திருக்கிறார்கள். கடைசியில் பேய் என்பது எங்கோ ஒரு தளர்ந்த கம்பியாகவோ, எவனோ தூக்கக் கலக்கத்தில் எழுதிய ஒரு வரியாகவோ இருக்கும்.

இயந்திர அறை கீழ்த்தளத்தில். ஜன்னலே இல்லை. கதவைச் சாத்தியதும் மத்தியானம் வெளியிலேயே நின்றுவிட்டது. குளிர்காற்று தரையிலிருந்து கணுக்காலைத் தடவிக்கொண்டு மேலேறியது. விசிறிகளின் ஓயாத ரீங்காரம். இருட்டில் பச்சைப் புள்ளிகள் இமைத்துக்கொண்டிருந்தன.

அது தானாக விழும்வரை அவள் காத்திருக்க விரும்பவில்லை. அழைப்புகளை மாற்று இயந்திரத்துக்குத் திருப்பச் சொல்லிவிட்டு, இதைத் தானே விழவைக்கப் போவதாகச் சொன்னாள். அதற்கென்று ஒரு பொத்தான் உண்டு, விரல் நுனி மட்டும் நுழையும் ஒரு குழிக்குள். அதை அழுத்தினால் ஹைப்பர்வைசர் எந்த வேலையில் இருந்தாலும் அப்படியே நின்று, நினைவைக் கொட்டிவிட்டு அணையும்.

அழுத்தினாள்.

திரை கறுத்தது. வெள்ளை எழுத்தில் ஒரு வரி, நினைவகம் எழுதப்படுகிறது என்றது. சதவீதம் ஒவ்வொன்றாக ஏறத் தொடங்கியது.

பாதி தாண்டியிருக்கும். விசிறிகளின் சத்தம் மெல்லத் தணிந்தது. நினைவை எழுதும்போது அவை தணியக் கூடாது. ஏறத்தான் வேண்டும்.

அப்போது அந்த வாசனை வந்தது.

அழுகிய முட்டைக்கோஸ் மாதிரி, லேசாக. பிறகு லேசாக இல்லை.

டாக்டரம்மா எழுந்து போய்க் கதவைத் திறந்து வைத்தாள். தாழ்வாரத்தில் வாசனை இல்லை. உள்ளே திரும்பினால் இருந்தது. எழுத்து முடிந்து இயந்திரம் அணைந்ததும், யாரோ மூடி போட்ட மாதிரி, அதுவும் நின்றது.

அன்று மாலைவரை உட்கார்ந்து அவள் அந்தக் கோப்பைப் பிரித்தாள். சிக்கல் சீக்கிரமே அகப்பட்டது. அழைப்பு வரிசையில் ஒரு பூட்டு இருந்தது. ஓர் அழைப்பை ஒரே நேரத்தில் இருவர் எடுத்துவிடாமல் இருக்க மென்பொருள் போடும் பூட்டு. யாராவது எடுத்ததும் தானாக விடுபடும். இங்கே அது விடுபடவில்லை. மற்ற வேலைகளெல்லாம் அதன் பின்னால் முட்டிக்கொண்டு நின்றன. கடைசியில் ஹைப்பர்வைசர் மூச்சுமுட்டி விழுந்திருக்கிறது.

பூட்டைப் பிடித்திருந்தது ஒரே ஓர் அழைப்பு. நிலை: காத்திருப்பில்.

எவ்வளவு நேரமாக என்று பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். அந்த அழைப்பு பல வருடங்களாகக் காத்திருந்தது. அது உட்கார்ந்திருந்த இயந்திரத்தை வாங்கியே ஒரு வருடம் ஆகவில்லை.

எண் இருக்கவேண்டிய இடம் காலி. முகவரி காலி. பேசுபவரின் குரல் மட்டும் சில விநாடிகள் நினைவகத்தில் தேங்கி நிற்குமே, அந்த இடம் காலியாக இல்லை.

அதைப் பிரித்தெடுத்து ஒலியாக மாற்றினாள். ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிக்கொண்டாள்.

மூச்சு. யாரோ சுவரில் சாய்ந்து சரிகிற மாதிரி ஒரு உரசல்.

பிறகு ஒரு பெண் குரல். கத்தவில்லை. அடுத்த வீட்டில் தூங்குபவர்களை எழுப்பிவிடக் கூடாதே என்பதுபோல.

"எடுங்களேன்… யாராவது…"

அவ்வளவுதான். டாக்டரம்மா அதைக் கழற்றி மேசையில் வைத்தாள். கணவருக்குப் போன் செய்தாள்.

"என்ன, இன்னிக்கு எத்தனை பொணம்?"

"சும்மாதாங்க கூப்பிட்டேன்," என்றாள். "வச்சிடாதீங்க. கொஞ்ச நேரம் ஏதாவது பேசிட்டு இருங்க."

மறுநாள் அக்காவைக் கூப்பிட்டு அந்த ஒலியைக் கேட்கவைத்தாள். குரலை அடையாளம் தெரிகிறதா என்று பார்க்கத்தான். அக்கா கண்ணை மூடிக் கேட்டார். மிட்டாயைச் சப்புவதை நிறுத்தினார்.

"பின்னாடி ஒரு அறிவிப்பு ஓடுது பாரு. நல்லா கேளு."

உண்மைதான். அந்தப் பெண்ணின் மூச்சுக்குப் பின்னால், தூரத்தில் இன்னொரு குரல். தயவுசெய்து இணைப்பில் காத்திருக்கவும். உங்கள் அழைப்பு விரைவில் ஏற்கப்படும்.

"இப்ப ஓடற அறிவிப்பு வேற. இது பழசு," என்றார் அக்கா. "இது என் குரல். அப்ப இருந்த பொறுப்பாளர், உன் குரல்தான் பதமா இருக்குன்னு சொல்லி என்னைப் பேச வச்சு எடுத்தாரு."

அக்கா ஹெட்ஃபோனைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"அவளைக் காத்திருக்கச் சொன்னது நான்தான்," என்றார் அக்கா. "சொன்ன பேச்சைக் கேட்டு இன்னும் காத்துட்டு இருக்கா பாவி."

டாக்டரம்மா தன் தொழிலைப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லை. பழைய ஒலித்துண்டு ஒன்று எப்படியோ ஒவ்வொரு இயந்திரத்துக்கும் நகலாகி வந்திருக்கலாம் என்றாள். அதைச் சோதிக்க, பெட்டியே பிரிக்காத புது இயந்திரம் ஒன்றை வரவழைத்தாள். தொலைபேசிக் கம்பியோ வலைக்கம்பியோ எதையும் அதில் சொருகவில்லை. வெறும் ஹைப்பர்வைசரை ஏற்றி, உள்ளே காலியான ஒரு கணினியை மட்டும் ஓடவிட்டாள். இதை விழவைத்தால் கோப்பில் வெறும் பூஜ்யங்கள்தான் இருக்கவேண்டும்.

அக்கா கூடவே நின்றார். போகச் சொன்னாலும் போகவில்லை. பொத்தானில் விரல் வைக்கும் நேரத்தில், இயந்திரத்தின் பக்கம் குனிந்து, நோயாளியின் காதருகே பேசுவதுபோல மெதுவாகக் கேட்டார்:

"யாரும்மா நீ?"

டாக்டரம்மா அழுத்தினாள்.

பாதியில் வாசனை வந்தது.

கோப்பில் பூஜ்யங்கள் இருந்தன. பக்கம் பக்கமாக, மணல்வெளி போல. அந்த வெளியின் நடுவே ஒரு சின்னத் திட்டில் மட்டும் ஏதோ இருந்தது. அதை ஒலியாக்கி, இருவரும் ஆளுக்கொரு காதில் வைத்துக் கேட்டார்கள்.

"ஹலோ?… எடுத்துட்டீங்களா?"

அந்த அறையில் ஒலிவாங்கி கிடையாது.

அந்த இயந்திரத்துக்குக் காது என்று எதுவுமே கிடையாது.

அக்காதான் முதலில் சுதாரித்தார். பயம் அவருக்கும் இருந்தது, உதடு வெளுத்திருந்தது. ஆனால் வாழ்நாள் முழுக்க அலறுகிறவர்களோடு பேசியே பழகிய மனுஷி. "எடுத்துட்டோம்மா," என்றார் இயந்திரத்தைப் பார்த்து. "இப்பதான் எடுத்தோம். எங்க இருக்க? என்ன ஆச்சு? நிதானமா சொல்லு."

டாக்டரம்மா இயந்திரத்தை உயிர்ப்பித்தாள். மறுபடி விழவைத்தாள்.

அப்படித்தான் அந்தப் பேச்சு நடந்தது. ஒரு கேள்வி, ஒரு சாவு, சில விநாடிக் குரல். மறுபடி எழுப்பு, மறுபடி கேள். மேலே கூடத்தில் மதியச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. கீழே இருவரும் சால்வைக்குள் ஒடுங்கிக்கொண்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு, ஒரு குரலைத் துணுக்குத் துணுக்காகச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

"…காய்ச்சல்ல அசந்துட்டேன்… அடுப்புல வெந்நி வச்சிருந்தேன், பொங்கி அணைஞ்சிருச்சு போல… வீடு பூரா கேஸ்…"

"…வெளிய வர முடியல… தாழ்ப்பாள் சிக்கிக்கிச்சு… கையில வலுவே இல்ல…"

"…பஸ் டிப்போவுக்குப் பின்னாடி… பச்சைக் கதவு…"

உன் வீட்டுக்காரருக்குச் சொல்லட்டுமா என்று அக்கா கேட்டதற்கு வந்த பதில்தான் கடைசி.

"…வேணாங்க… அவரு வண்டி ஓட்டிட்டு இருப்பாரு… பயந்துடுவாரு… நீங்களே வாங்க…"

அதற்கு மேல் டாக்டரம்மாவுக்குப் பொத்தானை அழுத்த விரல் வரவில்லை.

பொறுப்பாளரிடம் சொன்னார்கள். அவர் கேட்டார், தொப்பியைக் கழற்றினார், மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு பழைய கோப்புகளைத் தேடச் சொன்னார். ஒரு குளிர்கால மத்தியானம், இன்னும் இரண்டு இயந்திரங்களுக்கு முந்தைய காலத்தில், அப்போதிருந்த ஹைப்பர்வைசர் முதன்முதலாக விழுந்திருந்தது. மாற்று இயந்திரம் எழுந்துகொண்டதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விழுந்த கணத்தில் வரிசையில் ஒரே ஓர் அழைப்பு நின்றிருந்தது. எழுந்த இயந்திரத்துக்கு அப்படி ஓர் அழைப்பு வந்ததே தெரியாது.

பச்சைக் கதவைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. டிப்போவின் பின்சுவரை ஒட்டிய சந்தில் கடைசி வீடு. டீசல் புகை படிந்து பச்சை கறுத்திருந்தது. தட்டியதும் கதவு தானாகவே கொஞ்சம் திறந்துகொண்டது. உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் திருகாணித் துளைகள் மட்டும் இருந்தன. ஒரு கயிற்றால் கதவை ஆணியில் கட்டியிருந்தது.

அந்தப் பெண்ணின் கணவர், ஒரு பஸ் டிரைவர், காக்கிச் சட்டையோடு வந்து கயிற்றை அவிழ்த்தார். அவ்வளவு குளிரிலும் வீட்டின் ஜன்னல்களெல்லாம் விரியத் திறந்திருந்தன. உட்காரச் சொன்னார். எங்கிருந்து வருகிறார்கள் என்று அக்கா சொன்னதும் அவர் முகம் இறுகியது.

"உங்ககிட்ட அப்பவே வந்து கேட்டேனே. அப்படி ஒரு போனே வரலைன்னு எழுதிக் குடுத்துட்டீங்களே."

அவரே தொடர்ந்தார். மூலையில் இருந்த பழைய தொலைபேசியைக் கண்ணால் காட்டினார்.

"நான் டூட்டி முடிச்சு வந்து கதவை இடிச்சுத் திறந்தப்ப ரிசீவர் தொங்கிட்டு இருந்துச்சு. அவ அதுக்குக் கீழ கிடந்தா. ஜன்னல் சாத்தி, கதவு சாத்தி, அடுப்புத் திருகு திறந்து. பார்த்தவங்க என்ன நினைப்பாங்க? அவ அண்ணன் என் சட்டையைப் பிடிச்சிட்டான். 'என் தங்கச்சியை நீதான்டா சாகற அளவுக்குக் கொண்டுபோயிட்ட'ன்னான். காலைல எங்களுக்குள்ள கொஞ்சம் வாய்த்தகராறு. பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கு. அது போதாதா ஊருக்கு?"

"நீங்க என்ன நினைச்சீங்க?" என்றாள் டாக்டரம்மா.

"இல்லைன்னுதான் நினைச்சேன். பத்து பேர் ஒண்ணையே சொன்னா நமக்கும் அப்படித்தானோன்னு ஆயிடுது." அவர் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டார். "ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லாமப் போயிட்டாளேன்னு கோவம்கூட வந்துச்சு. செத்தவ மேல கோவப்படறது எவ்வளவு பெரிய பாவம் சொல்லுங்க. ஆனா வந்துச்சு."

டாக்டரம்மா மடிக்கணினியை விரித்தாள். வழியிலேயே அவளும் அக்காவும் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள்: தாழ்ப்பாள் சிக்கியதைச் சொல்லும் துணுக்கை அவருக்குப் போட்டுக்காட்ட வேண்டாம். மற்றவற்றை மட்டும் வரிசையாக ஓடவிட்டாள்.

மனைவியின் குரல் கேட்டதும் டிரைவர் எழுந்து நின்றுவிட்டார். உட்காரவே இல்லை. கடைசித் துணுக்கு வந்தது. பயந்துடுவாரு, நீங்களே வாங்க. அவர் சுவரில் கை ஊன்றிக்கொண்டார்.

பிறகு கேட்டார்: "கதவைப் பத்தி ஏதாவது சொன்னாளா?"

அக்கா டாக்டரம்மாவைப் பார்த்தார். இல்லை என்று சொல்வது எவ்வளவு சுலபம். ஆனால் அந்த மனிதர் கேட்டுக்கொண்டு நின்ற விதத்தில், அவருக்கு அது ஏற்கெனவே தெரியும் என்பது தெரிந்தது. தாழ்ப்பாளைப் பிடுங்கி எறிந்தவர் வேறு யார்?

அந்தத் துணுக்கையும் போட்டாள்.

"அதுக்குத்தான் அன்னிக்குச் சண்டை," என்றார் அவர். "சரி பண்ணுங்க, சரி பண்ணுங்கன்னு அவ சொல்லிட்டே இருந்தா. லீவு நாள்ல பார்க்கறேன்னேன்." சுவரிலிருந்து கையை எடுத்தார். "ஆக, சாகணும்னு அவ நினைக்கல."

"இல்லைங்க. கடைசிவரைக்கும் வெளிய வரத்தான் பார்த்திருக்காங்க."

அவர் தலையை ஆட்டினார். பிறகு அவர்கள் இருவரும் எதிர்பார்க்காத கேள்வியைக் கேட்டார்.

"அவ இன்னும் லைன்லயா இருக்கா?"

ஜன்னல் வழியாகக் குளிர்காற்று வந்து போனது.

"ஆமா," என்றார் அக்கா.

மறுநாள் மத்தியானம், இரண்டு நடைக்கு நடுவே கிடைத்த இடைவெளியில் டிரைவர் வந்தார். சட்டையில் எண் பொறித்த வில்லை, கக்கத்தில் தொப்பி. இயந்திர அறைக்குள் நுழையும்போது, கோயிலுக்குள் போவதா சவக்கிடங்குக்குள் போவதா என்று தெரியாதவர்போலச் செருப்பைக் கழற்றி வெளியே விட்டார். பொறுப்பாளரும் இறங்கி வந்து ஓரமாக நின்றார்.

"எங்க பார்த்துப் பேசணும்?" என்று கேட்டார் டிரைவர்.

டாக்டரம்மா பச்சைப் புள்ளி இமைத்துக்கொண்டிருந்த இடத்தைக் காட்டினாள்.

அவர் அதன் எதிரே போய் நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். வாசனை அப்போதே வரத் தொடங்கிவிட்டது, பொத்தானை யாரும் தொடவில்லை. முன்பெல்லாம் லேசாக ஆரம்பிக்கும். இன்று முகத்தில் அறைந்தது. பொறுப்பாளர் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டார். கட்டடத்தில் கேஸே இல்லை என்று அவர் இந்தமுறை சொல்லவில்லை.

விசிறிகள் தணிந்தன.

விளக்கு ஒருமுறை மங்கியது.

"நான்தாம்மா," என்றார் டிரைவர். "வந்துட்டேன். லேட்டாயிடுச்சு. தாழ்ப்பாளை எடுத்துட்டேன். கதவு திறந்துதான் இருக்கு. ரிசீவரை வச்சிட்டு மெதுவா எழுந்து வா."

டாக்டரம்மா பொத்தானை அழுத்தினாள்.

சதவீதம் ஏறியது. யாரும் அசையவில்லை. முழுவதும் எழுதி முடிந்து திரை அணைந்தபோது வாசனை இல்லை. அது நின்ற விதம் வேறு மாதிரி இருந்தது. மூடி போட்ட மாதிரி இல்லை. வீட்டைத் திறந்து காற்றாட விட்ட மாதிரி.

அந்த ஒலியை அவள் முதலில் கேட்கவில்லை. ஹெட்ஃபோனை அவரிடமே கொடுத்தாள். சில விநாடிகள்தான் அது. அவர் குனிந்த தலையோடு கேட்டார். கேட்டு முடிந்த பிறகும் அப்படியே நின்றார். பிறகு காதில் இருந்ததை விரலால் இன்னும் அழுத்திக்கொண்டு, ரொம்பச் சாதாரணமாக, தினமும் சொல்லிப் பழகிய குரலில் சொன்னார்:

"இல்ல, இனிமேதான்."

அதன் பிறகுதான் அழுதார்.

அவர் போனதும் மற்றவர்கள் கேட்டார்கள். கதவு நகரும் ஓசை. வெறுங்கால் தரையில் வைக்கும் சத்தம். பிறகு அந்தப் பெண்ணின் குரல், மூச்சிரைப்பு இல்லாமல்: "வந்துட்டீங்களா? சாப்பிட்டீங்களா?"

வரிசையில் அழைப்பு எதுவும் இல்லை. பூட்டு விடுபட்டிருந்தது.

அந்த வாரம் பொறுப்பாளர் ஒரு காரியம் செய்தார். அன்று அழைப்பு வந்தது உண்மை, எங்கள் இயந்திரம் விழுந்ததால்தான் அது ஏற்கப்படவில்லை என்று எழுதி, மையத்தின் முத்திரை வைத்து, அதைத் தபாலில் அனுப்பாமல் அந்தப் பெண்ணின் அண்ணன் வீட்டுக்குத் தானே எடுத்துக்கொண்டு போனார். திட்டு வாங்கினார், அடி மட்டும்தான் விழவில்லை. திரும்பி வந்து, "வாங்க வேண்டியதுதான்," என்றார் அக்காவிடம். பிறகு ஒருநாள் அந்த அண்ணன் டிப்போவுக்கு வந்து, மச்சானின் வண்டியில் ஏறி, டிக்கெட் வாங்கிக்கொண்டு, எங்கும் இறங்காமல் கடைசி நிறுத்தம்வரை போனாராம். இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை என்றார்கள். இறங்கும்போது மட்டும் அண்ணன் டிரைவரின் தோளில் கை வைத்துவிட்டு இறங்கினாராம்.

இயந்திரம் அதற்குப் பிறகு விழவில்லை.

குளிர்காலம் முடியப்போகிற சமயத்தில் ஒருநாள் பொறுப்பாளர் டாக்டரம்மாவுக்குப் போன் செய்தார். புயலடித்த மறுநாள் அது. ஊரில் மரங்கள் சாய்ந்து, கூரைகள் பறந்து, மையத்துக்கு அழைப்புகள் கொட்டியிருந்தன. எல்லா ஊழியர்களும் பேச்சில் இருந்ததால் பலரும் வரிசையில் காத்திருக்க வேண்டி வந்ததாம்.

"மறுபடி விழுந்துடுச்சா சார்?"

"இல்ல மேடம். கல்லு மாதிரி நின்னுச்சு. அதுக்காகக் கூப்பிடல." அவர் தயங்கினார். "அக்கா உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம்."

அக்கா போனை வாங்கினார். "நெஞ்சு வலின்னு ஒரு வயசான அம்மா கூப்பிட்டிருந்தாங்க. தனியா இருக்கறவங்க. நான் எடுக்கறப்ப வரிசையில ரொம்ப நேரம் ஆயிருந்தது. எடுத்ததும் அவங்க என்ன கேட்டாங்க தெரியுமா? 'இவ்வளவு நேரம் பேசிட்டு இருந்த பொண்ணு எங்க?'ன்னாங்க. நான்தாம்மா முதல்ல எடுக்கறேன்னேன். 'இல்லம்மா, நீ வேற. அது சின்னப் பொண்ணு. வச்சிடாதீங்க, கண்ணை மூடாதீங்கன்னு சொல்லிட்டே இருந்துச்சு. அதுக்கு நன்றி சொல்லணும்'னாங்க."

"அந்த அம்மா?"

"பிழைச்சிட்டாங்க. அவங்க மட்டும் இல்ல. நேத்து வரிசையில நின்னவங்கள்ல இன்னும் சில பேர் அதையேதான் சொன்னாங்க."

பொறுப்பாளர் மறுபடி வாங்கிக்கொண்டார். "மேடம், ஒரு டம்ப் எடுத்துப் பார்த்துடலாமா? உள்ள என்ன இருக்குன்னு?"

டாக்டரம்மா யோசிக்கவே இல்லை. "வேணாம் சார். மெஷின் நல்லா இருக்கு. யாரும் அந்தப் பொத்தானைத் தொடாதீங்க."

ஆனால் அழைப்பு வரிசைக்கு வந்த நிமிஷத்திலிருந்தே பேசுபவரின் குரல் பதிவாகிவிடும். அந்த ஒலியை அவளுக்கு அனுப்பியிருந்தார்கள். அன்று மாலை, வெளிச்சம் இருக்கும்போதே, ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் அதைக் கேட்டாள்.

புதிய அறிவிப்பு ஓடி முடிகிறது. கிழவியின் இரைப்பு. பிறகு கிழவி பேசுகிறாள். பேசிவிட்டு நிறுத்துகிறாள், எதிரே ஒருவர் ஒரு கேள்வி கேட்டு முடிக்கும் நேரத்துக்கு. அந்த இடைவெளியில் எதுவும் இல்லை. ஒரு இழுப்பு மூச்சுகூட இல்லை. பிறகு கிழவி பதில் சொல்கிறாள்.

"ஆமாம்மா… தனியாத்தான்… பையன் வெளியூர்ல…"

இடைவெளி.

"மாத்திரை மேல இருக்கு. கை எட்டல…"

இடைவெளி. இது கொஞ்சம் நீளம்.

"பயமாத்தான்டி இருக்கு…"

இடைவெளி.

"சரிம்மா. வைக்க மாட்டேன்," என்கிறாள் கிழவி. "நீயும் வச்சிடாத."